பசுபதிநாதர் கோயில் வாசலில் நாங்கள் ஏமாந்த விதம்: காத்மாண்டு செல்வோர் கவனத்திற்கு

முக்திநாத் யாத்திரை செல்லும் தமிழர்களில் பலர், போகும்போதோ திரும்பும்போதோ காத்மாண்டுவில் ஓரிரு நாள் தங்கிப் பசுபதிநாதரைத் தரிசிக்கிறார்கள். 72 வயதான என் அம்மா, அக்கா, அத்தான், நான் ஆகிய நால்வரும் அப்படித்தான் தங்கினோம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் தலம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத்தில், 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில், 108 தாரைகளின் பனிநீரிலும் நனைந்துவிட்டு அம்மா ஒரு குறையுமின்றி இறங்கி வந்தார். ஆனால் காத்மாண்டுவில், ஒரே முற்பகலில், ஏறத்தாழ 24,000 இந்திய ரூபாயை நாங்கள் இழந்தோம். அடுத்து அங்கே செல்பவர்களுக்கு இது நேரக்கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கோயிலின் மேற்கு வாசலுக்குச் செல்லும் வழியின் இருபுறமும் பூக்கடைகளும் ருத்திராட்சக் கடைகளும் நிறைந்திருக்கின்றன. தோல் பொருள்களை உள்ளே கொண்டு செல்லக்கூடாது என்பதால் செருப்பையும் இடுப்பு வாரையும் கழற்றி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தோம். அப்போது ஒருவர், நெற்றியில் சந்தனமும் தோளில் மஞ்சள் துண்டுமாக, "அம்மா, வாங்க, நமஸ்காரம்" என்று தமிழிலேயே அழைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த நான்கைந்து சொற்கள்தான் என்பது பிறகு புரிந்தது. மீதியெல்லாம் இந்தியில் பேசினார். அயல்நாட்டில் தமிழைக் கேட்ட மகிழ்ச்சியில் அம்மா நின்றுவிட்டார்.

அவர் எங்களை நம்ப வைத்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பசுபதிநாதர் கோயிலில் லிங்கத்தைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை பட்டர்கள் எனப்படும் அர்ச்சகர்களுக்கு மட்டுமே உண்டு. அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கர்நாடகத்திலிருந்து, வரவழைக்கப்படுபவர்கள். ஆதிசங்கரர் ஏற்படுத்திய வழக்கம் இது என்பார்கள். இந்த உண்மையைத்தான் அவர் தூண்டிலாக்கினார். "உள்ளே இருக்கும் பட்டர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர், நான் அவரிடம் வேலை செய்பவன், தென்னிந்தியர்களுக்குத் தனியாக அபிஷேகம் செய்து கொடுப்பார்" என்றார். சொன்னதில் பாதி உண்மையாக இருந்ததால் மீதியையும் நாங்கள் சந்தேகிக்கவில்லை. கருவறையில் பூசை செய்யும் பட்டர் எவரும் கடைவீதியில் ஆள் நிறுத்தி பக்தர்களைப் பிடிக்க மாட்டார் என்பது அந்த நேரத்தில் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அத்தான் முறையாகக் கட்டணத்தைக் கேட்டார். "ஐயாயிரம்" என்றார். நேபாளத்தில் இருக்கிறோம், எனவே நேபாள ரூபாய் என்று எடுத்துக்கொண்டோம். அவர் எங்களை வளாகத்திற்குள் ஒரு துணைச் சன்னிதிக்கு அருகே அமர வைத்து, வேறொருவரைக் கொண்டு பத்து நிமிடம் மந்திரம் சொல்ல வைத்து, ஒரு தொன்னையில் பிரசாதமும் கொடுத்தார். மூலவருக்கு அபிஷேகம் எப்போது என்று கேட்டதற்கு, "உங்கள் பெயரில் உள்ளே நடந்துவிட்டது" என்றார். ரசீது இல்லை. பணம் கொடுக்கும் நேரத்தில், தான் சொன்னது "ஐசி" என்றார்.

இந்தச் சொல்லை நேபாளம் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இந்திய ரூபாயை அங்கே ஐசி என்றும் நேபாள ரூபாயை என்சி என்றும் சொல்கிறார்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதம். ஆகவே விலையை வெறும் எண்ணாக மட்டும் சொல்லி, எந்த நாட்டு ரூபாய் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், கடைசியில் 3,125 இந்திய ரூபாயாக இருக்க வேண்டியது 5,000 ஆகிவிடுகிறது. வாடகை வண்டி, செருப்புக் காப்பகம், பூசைத் தட்டு எதுவானாலும் "ஐசியா, என்சியா?" என்று முதலிலேயே, உடனிருப்பவர்களுக்கும் கேட்கும்படி கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கோயிலுக்குள் நின்று பணத்திற்காக வாக்குவாதம் செய்ய அம்மாவுக்கு மனம் வரவில்லை, கொடுத்துவிடச் சொன்னார்.

அத்துடன் விட்டிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். வெளியே வந்ததும் அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ருத்திராட்சம் இல்லாமல் போகக்கூடாது என்று ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். கோயில் நிர்வாகம் நடத்தும் கடை என்றார். அது பொய். அங்கே பட்டுத்துணி விரித்த பெட்டியிலிருந்து, இருபுறமும் வெள்ளிப் பூண் கட்டிய உருண்டையான மணி ஒன்றை எடுத்துக் காட்டி, ஒருமுக ருத்திராட்சம், விலை 50,000 என்றார்கள். முகம் என்பது மணியின் மேல் ஒரு துளையிலிருந்து மறு துளை வரை ஓடும் கோடு. கூடவே பரிசோதனைச் சான்றிதழ் என ஒரு அட்டை. அதில் மணியின் படமும் முத்திரையும் இருந்தன, முகவரி இல்லை. இம்முறை அத்தான் விழிப்பாக "என்சியா?" என்று கேட்டார். ஆம் என்றார்கள். பேரம் பேசி 30,000 நேபாள ரூபாய்க்கு, அதாவது 18,750 இந்திய ரூபாய்க்கு வாங்கினோம். ஐசி, என்சி குழப்பத்தைத் தவிர்த்துவிட்ட நிம்மதியே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். பொருளை நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை.

அன்று மாலை விடுதியில், வரவேற்பு மேசையில் இருந்த பெரியவர் அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டார். அவர் முகம் மாறியது. நேபாளத்தின் கிழக்கு மலைகளில் விளையும் ருத்திராட்சங்களில் மிகப் பெரும்பாலானவை ஐந்துமுகம். உருண்டையான ஒருமுகம் கிடைப்பது மிக அரிது. சந்தையில் ஒருமுகம் என்று அதிகம் விற்பது முந்திரிப் பருப்பு வடிவிலான வேறு வகை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, தயங்கித் தயங்கி, மணியை வெந்நீரில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். போட்ட சிறிது நேரத்தில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. பூணைக் கழற்றிப் பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தபோது, பசையும் தூளும் வைத்து அடைக்கப்பட்டிருந்த நான்கு கோடுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஐந்துமுக மணியில் நான்கு முகங்களை மறைத்து ஒருமுகமாக்கியிருக்கிறார்கள். கோடு ஒரு துளையிலிருந்து மறு துளை வரை இயல்பாக ஓடுகிறதா என்று பார்க்க முடியாமல் செய்வதற்காகவே அந்த வெள்ளிப் பூண்.

மறுநாள் காலை அத்தானும் நானும் கடைக்குச் சென்றோம். மணியை நாங்கள் மாற்றிவிட்டோம் என்றார்கள். ரசீது எங்கே என்று எங்களையே கேட்டார்கள். சான்றிதழ் அட்டையில் கடையின் பெயர்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். அழைத்துச் சென்றவரைத் தெரியவே தெரியாது என்றார்கள். காத்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிக் காவல் பிரிவு இருக்கிறது; பிருகுடி மண்டபத்தில் அதன் அலுவலகம். மாலையில் விமானம் இருந்ததால் நாங்கள் அங்கே செல்லவில்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டால், ஊர் திரும்பும் நாளுக்கு முன்பே, கையில் ரசீதோடு அங்கே செல்லுங்கள். எந்தக் கடையிலும் கடையின் பெயரும் பொருளின் பெயரும் எழுதிய ரசீது தர மறுத்தால் அந்தப் பொருள் வேண்டாம். வெள்ளிப் பூண் கட்டிய மணியை வாங்கவே வேண்டாம். பூசைக்கு வைக்கும் சாளக்கிராமக் கல்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: காளி கண்டகி ஆற்றின் கருங்கற்களில் இயற்கையாகப் பதிந்திருக்கும் சுருளைக் கருவியால் செதுக்கி விற்பவர்களும் உண்டு.

அம்மா அழவில்லை. ஆனால் பகவானின் வாசலில் ஒருவர் அம்மா என்று அழைத்து ஏமாற்றினாரே என்பதை மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னார். அது எனக்குப் பணத்தைவிட வலித்தது. கிளம்புவதற்கு முன் மறுபடியும் ஒருமுறை பசுபதிநாதரைப் பார்க்க வேண்டும் என்றார். இம்முறை எவரிடமும் பேசாமல் பொது வரிசையில் நின்றோம். இந்துக்களுக்குத் தரிசனக் கட்டணம் இல்லை. கருவறைக்கு நான்கு திசையிலும் வாசல். லிங்கத்திற்கு நான்கு திசையிலும் முகம். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தோம். பூசை செய்ய விரும்புபவர்களுக்குக் கோயில் அலுவலகத்திலேயே ரசீது கொடுக்கிறார்கள் என்பதையும் அன்றுதான் கண்டோம். முதல் நாள் நாங்கள் அமர்ந்திருந்த இடத்திற்கு மிக அருகில்தான் அந்த அலுவலகம் இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு அந்த மணியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஐந்து அறைகள், எத்தனை முகமோ அத்தனை அறை. இரண்டு பாதிகளையும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். முக்திநாத் கிளம்பும் உறவினர் எவரேனும் வீட்டிற்கு வந்தால், முதலில் அதை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.