அஜந்தா 'ஹைக்கிங் பேக்கேஜ்': பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அஜந்தாவுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்களைக் குறிவைத்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. குதிரை லாட வடிவில் வளைந்த பாறைச் சுவர், பச்சை மலை, கீழே வாகோரா ஆறு என்று படம் போட்டு, "ஜான் ஸ்மித் பார்த்த பாதையில் ஹைக்கிங்" என்று எழுதியிருப்பார்கள். படத்தில் பொய் இல்லை. 1819 ஏப்ரலில் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி 10ஆம் குகையின் வளைவைக் கண்டதாகச் சொல்லும் இடம், குகைகளுக்கு எதிரே 'வியூ பாயின்ட்' என்று அழைக்கும் அந்த மேடுதான். மேட்டிலிருந்து குகைகளுக்கு இறங்கும் பாதையும் இருக்கிறது. அதைச் சொல்லி விற்கும் பேக்கேஜில்தான் ஏமாற்று வேலை. இதே முறையில் வேறு சிலரும் செய்வதாகக் கேள்விப்பட்டேன். அதனால் ஏஜென்ட் பெயரை விட்டுவிட்டு முறையை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா, தங்கை, நான் என்று மூன்று பேர். தலைக்கு 4,800 ரூபாய். சத்ரபதி சம்பாஜி நகரிலிருந்து, அதாவது பழைய ஔரங்காபாத்திலிருந்து, கார், அரசு உரிமம் உள்ள கைடு, நுழைவுச்சீட்டு, ஷட்டில் பஸ், மதியச் சாப்பாடு, அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் டோலி. எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜிலேயே ஒப்புக்கொண்டார் சென்னை ஏஜென்ட். "அம்மாவ நடக்கவே விடமாட்டோம் சார், டோலி வியூ பாயின்ட்டுக்கே வந்துடும்" என்று அவர் சொன்னது இன்னும் என் போனில் இருக்கிறது.

காலை ஆறரைக்கு வர வேண்டிய கார் எட்டரைக்கு வந்தது. ஊரிலிருந்து அஜந்தா ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியில் "பாத்ரூம் சுத்தமா இருக்கும்" என்று டிரைவர் ஒரு பைத்தானி புடவைக் கடையில் நிறுத்தினார். கடைக்காரர்கள் டீ கொடுத்து, உட்காரவைத்து, புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார்கள். வேண்டாம் என்று எழுந்தால் டிரைவரைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. அடுத்து ஒரு கல் கடை. தக்காணத்தின் எரிமலைப் பாறைப் பொந்துகளில் விளையும் படிகங்கள் அந்த வட்டாரத்தில் நிஜமாகவே கிடைக்கின்றன, அழகானவை. ஆனால் கண்ணைப் பறிக்கும் ரோஸிலும் நீலத்திலும் இருந்தவை சாயம் ஏற்றியவை. அதை "அபூர்வ ரத்தினம், 3,500" என்றார்கள். வாசலில் ஒரு பையன் சின்னக் கல் ஒன்றை அம்மா கையில் திணித்து "கிஃப்ட், கிஃப்ட்" என்றான். கிளம்பும்போது அதற்கும் காசு கேட்டான். நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் கடைகளில் போவது நம் நேரம். அஜந்தாவில் பறிபோகக் கூடாதது அதுதான், ஏனென்றால் மாலை ஐந்தரைக்குக் குகைகளை மூடிவிடுவார்கள்.

வியூ பாயின்ட் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. டோலி இல்லை, வரவும் வராது. டோலிக்காரர்கள் நிற்பது கீழே, டிக்கெட் கவுன்டர் பக்கம். அவர்கள் தூக்கிச் செல்வது ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்கு. அம்மா போக வேண்டுமென்றால் கார் வேறு சாலையில் சுற்றி, தனியார் வண்டிகள் நிற்க வேண்டிய டி-பாயின்ட்டுக்கு வந்து, அங்கிருந்து ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும். அந்தச் சுற்றுக்கு டிரைவர் 1,500 ரூபாய் தனியாகக் கேட்டார். ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். "அது லோக்கல் டிரைவர் விஷயம் சார், நீங்களே பேசி முடிச்சுக்குங்க." அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. அம்மாவை வெயிலில் நிறுத்தி வாதாட முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பணத்தைக் கொடுத்தேன்.

டி-பாயின்ட்டில் அம்மாவை இறக்கிவிட்டு டிரைவர் போய்விட்டார். மராட்டியும் தெரியாமல் இந்தியும் தெரியாமல் நின்ற அம்மாவைக் கைபிடித்து பஸ்ஸில் ஏற்றியவர் அரசு ஷட்டிலின் கண்டக்டர். இறங்கியதும் டோலிக்காரர்களிடம் அவரே பேசி, நியாயமான வாடகைக்கு முடித்துக் கொடுத்தார். படிக்கட்டு முழுக்க ஆளைத் தோளில் சுமந்து ஏறும் அந்த மனிதர்கள் பேசிய வாடகைக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நானும் தங்கையும் 'கைடு' பின்னால் இறங்கினோம். மழைக்காலம், பாறையில் பாசி. வழுக்கும் இடத்தில் நின்று கை கொடுக்காமல் அவர் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். கழுத்தில் லேமினேட் செய்த அட்டை, அதில் எந்தத் துறையின் பெயரும் கிடையாது. பாலம் தாண்டியதும் காவலர் டிக்கெட் கேட்டார். எங்களிடம் இல்லை. "ஸ்பெஷல் லைட் டிக்கெட், ஆளுக்கு 300" என்று கைடு பணம் வாங்கிக்கொண்டு போய் சாதாரண டிக்கெட்டோடு வந்தார். டிக்கெட்டிலேயே 40 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது.

என் தங்கை ஓவியம் படித்தவள். அஜந்தா அவளுக்குக் கல்லூரி நாளிலிருந்து இருந்த ஆசை. 1ஆம் குகையில், கையில் நீலத் தாமரையோடு தலை சாய்த்து நிற்கும் பத்மபாணி என்ற போதிசத்துவரின் ஓவியத்துக்கு முன்னால் கைடு போன் டார்ச்சை அடித்து, "ரத்தமும் ரத்தினப் பொடியும் கலந்த வர்ணம், அதான் அழியவே இல்லை" என்றார். அவர் சுட்டிக்காட்டிய குச்சி முனை சுவருக்கு நாலு விரற்கடைதான். காவலர் கத்திய பிறகே இறக்கினார். அந்த ஓவியங்கள் அழிந்துகொண்டேதான் இருக்கின்றன. காப்பாற்ற நினைத்துப் போன நூற்றாண்டில் பூசிய வார்னிஷ்கூட மஞ்சளடித்துப் பல இடங்களை மங்கவைத்திருக்கிறது. விளக்கை மங்கலாக வைத்திருப்பதும் ஃபிளாஷ் கூடாது என்பதும் அதனால்தான்.

அவரை விட்டுவிட்டு நாங்களே நடந்தோம். 17ஆம் குகையில் பூச்சு உதிர்ந்த ஒரு விளிம்பைத் தங்கை காட்டினாள். அடியில் உளி கொத்திய கரும்பாறை, அதன்மேல் உமியும் நாரும் தெரியும் மண் பூச்சு, அதற்கு மேல் மெல்லிய சுண்ணாம்பு, அந்தச் சுண்ணாம்பின் மேல்தான் வர்ணம். வாகாடக அரசன் ஹரிசேனன் காலத்தில், 5ஆம் நூற்றாண்டில், குகைக்குள் விளக்கு வைத்துக்கொண்டு யாரோ கையால் அப்பிய மண். இதைப் பார்க்கத்தான் வந்தோம். இதற்குக் கிடைத்தது சில நிமிடம்.

"26இல் ஒண்ணும் இல்லை, வெறும் கல்" என்று கைடு சொல்லியிருந்தார். அங்கேதான் ஏறக்குறைய 7 மீட்டர் நீளத்தில் புத்தரின் பரிநிர்வாணச் சிற்பம், அதாவது அவர் இறுதியாகப் படுத்திருக்கும் கோலம், இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தோம். 10ஆம் குகைக்குள் போகவே முடியவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழிபாட்டு மண்டபம் அது. ஸ்மித் தன் பெயரைக் கிறுக்கிய தூண் உள்ளதும் அதில்தான். நாங்கள் திரும்பி வந்தபோது காவலர்கள் எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கை ஒரு வார்த்தையும் பேசாமல் படி இறங்கினாள். 1,500 போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பேக்கேஜ் தேவையே இல்லை. திங்கட்கிழமை அஜந்தா விடுமுறை. எல்லோரா செவ்வாய், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அஜந்தா மட்டும் போதுமென்றால் சம்பாஜி நகரைவிட ஜல்காவ் பக்கம், சுமார் 60 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே டி-பாயின்ட் வழியாக உள்ளே இருங்கள். கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறையின் உரிம அட்டையைப் பார்த்துவிட்டு, எந்தெந்த குகை, எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நடக்க ஆசையிருந்தால் குகைகளை முடித்தபின் பாலம் தாண்டி எதிர்மேட்டுக்கு ஏறுங்கள், அதற்கு யாருக்கும் காசு தர வேண்டாம். மழைக்காலத்தில் பிடிமானமுள்ள செருப்பு இல்லாமல் ஏறாதீர்கள், தண்ணீர் விழும் சுனைகளின் ஓரம் போகாதீர்கள். காரில் ஏறும் முன்பே டிரைவரிடம் "கடை எதிலும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லி, அதே வரியை ஏஜென்ட்டுக்கும் மெசேஜாக அனுப்பிவையுங்கள்.

ஊர் திரும்பியதும் ஏஜென்ட் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். யுபிஐ ரசீது, வாய்ஸ் மெசேஜ், டிக்கெட் படம் எல்லாவற்றையும் சேர்த்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். வேறு யாராவது இப்படிப் பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் மெசேஜ்களை அழித்துவிடாமல் நீங்களும் அங்கே பதியுங்கள்.