குளிர்நாட்டுப் பாம்பின் நீளம்: வெயில் கணக்கா, இரைக் கணக்கா?

குளிர் கூடினால் விலங்கின் உடம்பும் பெருக்கும் என்று 1847-இல் சொன்னவர் ஜெர்மனியின் கார்ல் பெர்க்மன். பருத்த உடம்பில் சூடு சீக்கிரம் தணியாது என்பது அவர் கணக்கு. கரடிக்குச் சரி. உள்ளே சூட்டை உண்டாக்கிக்கொள்ளாத பாம்புக்குக் காத்துவைக்க என்ன இருக்கிறது? பருத்துப்போனால் காலை வெயிலில் சூடேறத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். இந்த விளக்கத்தை இங்கேயே இறக்கிவிடலாம்.

மிச்சம் இரண்டு கட்சி.

வெளியே வந்து தின்று வளரக் கிடைக்கும் வெயில் நாட்கள்தான் எல்லாம் என்பது முதல் கட்சி. ஆடர் விரியன், நம் கண்ணாடி விரியனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஸ்காண்டிநேவியாவில் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வாழ்கிறது. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் உறக்கம். கோடை முடிவில் பிறக்கும் குட்டி சீக்கிரமே குளிர்காலத்துக்கு அடங்கியாக வேண்டும். அப்படியானால் வடக்கே போகப்போகப் பாம்பு சிறுக்க வேண்டுமே? இங்கேதான் இடிக்கிறது. இந்த இனத்தில் 90 செ.மீ. தாண்டிய பெரிய பாம்புகள் ஸ்காண்டிநேவியாவில்தான் உண்டு. பிரிட்டனில் அந்த நீளத்தை எட்டுவதில்லை.

இரையின் அளவுதான் பாம்பின் அளவு என்பது இரண்டாவது கட்சி. இந்த இரைக் கட்சிக்குச் சாட்சி பலம். ஸ்வீடனை ஒட்டிய பால்டிக் தீவுகளில் குளிர் ஒன்றுதான். விரியனின் அளவோ தீவுக்குத் தீவு வேறு. புல்வெளி எலி பருத்த தீவில் பாம்பும் பெரிது. மென்று தின்னாத பிராணிக்கு வாய் கொள்ளுவதுதானே சாப்பாடு!

ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த தென்கோடி இன்னும் வேடிக்கை. பாஸ் நீரிணையிலுள்ள சாப்பல் மலைத் தீவில் டைகர் பாம்புகள் ஒன்றரை மீட்டரைத் தாண்டி வளர்கின்றன. அவற்றுக்கு விருந்து, மட்டன்பேர்ட் எனும் கடற்பறவையின் குஞ்சுகள். அதுவும் சில வாரம் மட்டும். குஞ்சு வளர்ந்து தொண்டைக்கு அடங்காமல் போனதும் பந்தி முடிந்தது. அந்தச் சில வாரக் கொழுப்பை வைத்துத்தான் மீதி வருடம் ஓடுகிறது. அதே இனம், சின்னப் பல்லிகளே கதி என்ற வேறொரு தீவில் குள்ளமாகிவிட்டது.

என் ஓட்டு இரைக்கு. வெயில் நாட்கள் குறைந்தால் அந்த அளவை எட்டக் கூடுதல் வருடம் ஆகும், அவ்வளவே.

ஆனால் கனடாவின் நார்சிஸில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் அடையும் கார்ட்டர் பாம்புகள் இரண்டு கட்சிக்கும் அடங்காதவை. ஒரே வளை, ஒரே குளிர், ஒரே கோடை. பெண்தான் பெரிது, ஆண் சிறிது. பெரிய வயிற்றில்தான் நிறையக் குட்டி கொள்ளும்.