ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம்: 12 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான மேம்பாட்டுத் திட்டத்தை வகுப்பது என் வேலை. 2012-ல் பொறுப்பேற்றபோது என் கைக்கு வந்த முதல் கருவி, பிரிட்டனின் ஆய்வாளர் மேம்பாட்டு அமைப்பான 'வீட்டே' (Vitae) 2010-ல் வெளியிட்ட ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம். வட்ட வடிவில் ஒரு வண்ண வரைபடம்; அதில் 4 பெரும் பகுதிகள், 12 உட்பிரிவுகள், 63 கூறுகள். நல்ல ஆய்வாளருக்கு என்னென்ன வேண்டும் என்பதை ஆய்வாளர்களிடமே பேசித் தொகுத்தது.

2002-ல் இயற்பியலாளர் சர் கேரத் ராபர்ட்ஸ் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கை, ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஆண்டுக்கு 2 வாரமாவது திறன் பயிற்சி வேண்டும் என்றது. அதற்கென நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு வந்துகொண்டிருந்தது. 2011-ல் அந்தத் தனி நிதி நின்றுவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நாங்கள் திணறிய நேரத்தில் இந்தச் சட்டகம்தான் கைகொடுத்தது.

ஆனால் தொடக்கத்தில் அதைத் தவறாகப் பயன்படுத்தினோம். அக்டோபரில் சேர்ந்த புதிய மாணவர்களிடம் 63 கூறுகளையும் அச்சிட்டுக் கொடுத்து, தங்களைத் தாங்களே மதிப்பிடச் சொன்னோம். தாவரவியல் மாணவி ஒருவர் 'தன்னம்பிக்கை' வரிசையில் இரண்டாம் நிலையைக் குறித்தார். பக்கத்தில் இருந்தவரின் தாளைப் பார்த்தார். தன்னுடையதை அழித்துவிட்டு, தொடக்க நிலையான முதல் நிலைக்கு மாற்றினார். அப்படி எத்தனை முறை அழித்தாரோ, தாளை வாங்கியபோது அந்த இடம் நைந்து போயிருந்தது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவரிடம் ஆய்வு நிதி திரட்டும் திறனுக்கும் மதிப்பெண் கேட்டிருக்கிறோம்! மறு ஆண்டே அதை நிறுத்தினேன்.

இப்போது அந்த வட்டம் எங்கள் அறைச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அந்த ஆண்டு நடத்திய பயிலரங்குகளை அதன்மேல் ஒட்டிப் பார்ப்போம். முதன்முறை ஒட்டியபோது எழுத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் இடம் போதவில்லை. 'பிறரோடு பணியாற்றுதல்' பகுதி வெறுமையாகக் கிடந்தது. அதுவரை எனக்கு வந்த புகார்களில் பாதிக்குமேல் நெறியாளரோடு ஏற்பட்ட மனத்தாங்கல்தான். கண்முன் இருந்ததைச் சுவரில் ஒட்டிய பிறகே பார்த்தேன்.

அங்கிருந்து பிறந்ததுதான் நான் மிகவும் மதிக்கும் அமர்வு. நெறியாளருக்கு எழுதி, அனுப்பத் தயங்கி வைத்திருக்கும் ஒரு மின்னஞ்சலோடு வரச் சொல்கிறோம். இருவர் இருவராக உட்கார்ந்து, கேட்க வந்த கேள்வி எந்த வரியில் இருக்கிறது என்று தேடுவார்கள். பெரும்பாலும் அது மூன்று பத்தி மன்னிப்புக்குக் கீழே புதைந்திருக்கும். அதை முதல் வரிக்குக் கொண்டுவந்து, அறையை விட்டுக் கிளம்புமுன் அனுப்பிவிடுவார்கள். இதற்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

சட்டகம் சொல்லாதது ஒன்று உண்டு: எப்போது என்பது. என்ன தேவை என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. காலத்தை நாம்தான் கணிக்க வேண்டும். ஆய்வேடு எழுதும் பயிற்சியை மூன்றாம் ஆண்டில் வைத்தால் பதற்றத்தில் இருப்பவர்களே வருகிறார்கள். இரண்டாம் ஆண்டுக்கு நகர்த்தியபின் ஓர் இயலைக் கையோடு கொண்டுவருகிறார்கள். வாய்மொழித் தேர்வுப் பயிற்சியை மட்டும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் வைக்கிறோம்.

புதிதாகத் திட்டம் வகுப்பவர்களுக்கு இந்தச் சட்டகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாணவர் கையில் கொடுக்குமுன், உங்கள் திட்டத்தை அதில் ஒட்டிப் பாருங்கள். பகுதிநேர மாணவர்கள் வரக்கூடிய மாலை நேர அமர்வுகளுக்கு வேறு நிறத் தாள் பயன்படுத்துங்கள். எங்கள் சுவரில் அந்த நிறம் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது.