எட்டுப் பேர், ஒரு மூணாறு: பைக்கா, செல்ஃப் டிரைவ் காரா, டிரைவரோடு வேனா?

செமஸ்டர் முடிந்ததும் மூணாறு என்று முடிவாவதில் எந்தச் சிக்கலும் வராது. சண்டையெல்லாம் எந்த வண்டியில் போவது என்பதில்தான். எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான். பைக் என்று ஒரு கட்சி, செல்ஃப் டிரைவ் கார் என்று இன்னொரு கட்சி. வேன் என்று சொன்ன என்னை, "என்னடா, பொண்ணு பார்க்கப் போறோமா?" என்று கலாய்த்தார்கள். கடைசியில் வேனில்தான் போனோம். மறுபடி போனாலும் எட்டுப் பேருக்கு வேன்தான் சொல்வேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் பாதை. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு. சுமார் 160 கிலோமீட்டர். திரும்பும்போது அதே வழியில் வர மனமில்லை. மறையூர், சின்னார் வழியாக உடுமலைப்பேட்டையில் இறங்கி, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை. இது 250 கிலோமீட்டரை ஒட்டி வரும். உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்தால் மூன்று நாளில் 550 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காசுக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பைக் என்றால் நாலு பைக். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் ஏறத்தாழ 100 ரூபாய் என்று போட்டால் ஒரு பைக்குக்கு 1,200 ரூபாய்ச் சொச்சம், தலைக்கு 600. சுங்கச்சாவடியிலும் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. இதை எதுவும் அடிக்க முடியாது. செல்ஃப் டிரைவ் என்றால் எட்டுப் பேருக்கு இரண்டு கார் வேண்டும். நாங்கள் விசாரித்தபோது சின்ன காருக்கு ஒரு நாளைக்கு 2,500 சொன்னார்கள். இரண்டு காருக்கு மூன்று நாள் வாடகை 15,000, பெட்ரோல் 7,000 ரூபாய்க்கு மேல். தலைக்கு 2,800 பக்கம் வருகிறது. டெபாசிட் தனி. 12 சீட் வேனுக்கு எங்களிடம் கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று பேசினார்கள். நாம் 550தான் ஓடினாலும் 750க்குக் காசு கொடுக்க வேண்டும்: 16,500. டிரைவர் பேட்டா, பர்மிட் எல்லாம் சேர்த்து 19,500ஐத் தொடும். தலைக்கு 2,450. சீசனைப் பொறுத்து இந்த விலைகள் ஏறும், இறங்கும். ஆனால் எட்டுப் பேர் என்று வந்துவிட்டால் 'டிரைவர் வைத்தால் செலவு அதிகம்' என்ற பேச்சு எடுபடாது.

பைக்கைப் பற்றி எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறுவது தனிச் சுகம்தான். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். மே மாதக் கூட்டத்தில் மூணாறு டவுனுக்குள் கார்கள் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பைக் மட்டும் சந்தில் புகுந்து போய்விடும். ஆனால் கல்லூரிப் பையன்களின் நாலு பைக் என்பது நாலு தினுசு. ஒருவனிடம் 200 சிசி, ஒருவனிடம் அப்பாவின் பழைய 100 சிசி, இன்னொருவனிடம் தங்கையின் ஸ்கூட்டர். இரண்டு பேரும் இரண்டு பையுமாக அந்த ஸ்கூட்டர் மலையேறும் வேகம்தான் மொத்தக் கூட்டத்தின் வேகம். ஒரு டயர் பஞ்சர் ஆனால் எட்டுப் பேரும் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். மே மாதம் என்றால் தேனி வரை வெயில் பிளக்கும். ஜூன் தொடங்கினால் கேரளப் பக்கம் பருவமழை. ரெயின் கோட் இருந்தாலும் ஷூவுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்க முடியாது. அப்புறம் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். நம் ஊரிலும் அதுதான் சட்டம்; கேரளத்தில் 2023லிருந்து கேமராவே படம் பிடித்துச் சலான் அனுப்பிவிடுகிறது, அதுவும் ஆர்சி புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. அதாவது அப்பாவுக்கு.

எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் பெண்கள். பைக் என்று சொல்லி அவர்கள் வீட்டில் அனுமதி வாங்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. வேன் என்றதும் ஒரு தோழியின் அப்பா டிரைவரிடம் போனில் இரண்டு நிமிடம் பேசினார், "சரி, போய்ட்டு வாங்க" என்றார். எங்களிடம் இரண்டு வாரம் கேட்ட கேள்விகளை அவரிடம் கேட்கவே இல்லை.

செல்ஃப் டிரைவுக்கு வருவோம். மஞ்சள் எழுத்து போட்ட கறுப்பு போர்டு வண்டிதான் முறையாக வாடகைக்கு விடும் கார். பல இடங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள், சில இடங்களில் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுக் கூட்டம் இதிலேயே வடிகட்டப்பட்டுவிடும். அப்போது யாராவது ஒருவன், "எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவர் கார் தர்றாரு, டெபாசிட்டே வேணாம்" என்பான். அது வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்கான காரின் இன்சூரன்ஸ், காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டால் செல்லாது. மலையில் ஏதாவது ஆகி, வாடகைக்கு எடுத்தது என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். மிச்சம், ஸ்டியரிங் பிடித்தவனும் காரின் சொந்தக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டியதுதான். இந்த யோசனையை யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கறுப்பு போர்டு காரையே முறையாக எடுத்தால்? சமவெளியில் நல்ல வசதிதான். ராமேஸ்வரம் வரை எடுத்துப் போயிருக்கிறேன், எந்தக் குறையும் இல்லை. வாங்கும்போது காரைச் சுற்றி வந்து, பம்பர், வீல், கண்ணாடி, டயர் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கான வாக்குவாதம் பாதியாகக் குறையும். மலையில் நான் செல்ஃப் டிரைவ் எடுத்ததில்லை. அதனால் கிளட்ச் எப்படி இருந்தது, இழுவை போதுமா என்பதெல்லாம் ஓட்டியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் முடிவை மாற்றியது காசும் இல்லை, டெபாசிட்டும் இல்லை. தூக்கம்.

செமஸ்டர் முடிந்து போகிற பயணத்துக்கும் மற்றப் பயணங்களுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். கடைசித் தேர்வு முடிகிற நாளில் எட்டுப் பேரில் ஒருவன்கூட ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டான். ஒரு வாரமாக இரவு இரண்டு மணி, மூன்று மணி. பிற்பகல் பரீட்சை எழுதிவிட்டு, சாயங்காலம் ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டு, "நைட்டே கிளம்பிடலாம்டா, விடியும்போது போடிமெட்டு" என்று யாராவது சொல்வான். கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் திட்டப்படி விடிகாலை மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவே, உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கிற நேரத்தில், வாரம் முழுக்க விழித்த ஒருவன் மலைப்பாதையில் இருப்பான்.

இப்போது ஆளைக் கணக்கெடுங்கள். எங்கள் எட்டுப் பேரில் கார் லைசென்ஸ் மூன்று பேரிடம். அதில் மலையில் ஓட்டிப் பழகியவன் ஒருவன். இரண்டு கார் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், மாற்றி ஓட்ட இன்னும் இரண்டு பேர். ஆக நாலு பேர் வேண்டிய இடத்தில் எங்களிடம் இருந்தது ஒன்றேகால் ஆள். பைக் என்றால் இன்னும் மோசம்: நாலு பைக்குக்கு நாலு ஓட்டுநர், நாலு பேரும் விழித்தே இருக்க வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவனும் தூங்க முடியாது.

போகும்போதாவது உற்சாகம் தாங்கும். திரும்பும் நாளில் அதுவும் இருக்காது. மூணாறிலிருந்து மறையூர் வரை தேயிலைத் தோட்டம், அப்புறம் கரும்பும் சந்தனக் காடும், அப்புறம் சின்னார் காட்டுக்குள் இறக்கம். அதுவரை கண் விழித்திருக்கும். உடுமலை தாண்டிச் சமவெளிக்கு வந்ததும்தான் ஆபத்து. மதியச் சாப்பாடு உள்ளே போயிருக்கும், வெயில் அடிக்கும், காருக்குள் ஏசி, பின்னால் மூன்று பேர் தோளில் தோள் சாய்த்துக் குறட்டை. பொழுது சாயும் நேரத்தில் ஒட்டன்சத்திரம் வரும். காய்கறி மார்க்கெட் ஊர்; லாரிகளும் சரக்கு ஆட்டோக்களும் எந்தப் பக்கத்திலிருந்து ஏறும் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் ஊர் சுற்றியவன் அந்த ரோட்டில் கண்ணை இமைக்கிற நேரம் கொஞ்சம் நீண்டாலே போதும். முதல் நாள் இரவு 'பார்ட்டி' உள்ள கூட்டம் என்றால் கணக்கு இன்னும் கெடும், மறுநாள் காலை யார் ஓட்டுவது என்பதில் தொடங்கி.

வேனில் இந்தப் பொறுப்பு மொத்தமும் தொழில் தெரிந்த ஒருவரிடம் போகிறது. எங்களுக்கு வந்த டிரைவர் அண்ணன் நாற்பது வயதைத் தாண்டியவர். மறையூர் இறக்கத்தில் ஒரு வளைவைத் தாண்டியதும் கறுப்பு போர்டு கார் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. முன்சக்கரத்திலிருந்து ரப்பர் கருகுகிற மாதிரி வாடை. எங்கள் வயதுப் பையன்கள் நாலு பேர் பாட்டில் தண்ணீரைத் திறந்துகொண்டு குனிந்திருந்தார்கள். அண்ணன் வேனை நிறுத்தி ஜன்னல் வழியாகவே கத்தினார்: "தண்ணி ஊத்தாதீங்க தம்பி, டிஸ்க் வளைஞ்சிரும். அரை மணி நேரம் சும்மா நிறுத்திப் போடுங்க. இறங்கும்போது செகண்ட் கியர்லயே வாங்க, கால பிரேக்லயே வைக்காதீங்க." எந்த கியரில் மலை ஏறுகிறதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது எங்களில் லைசென்ஸ் வைத்திருந்த மூன்று பேருக்கும் தெரியும், எட்டு போடும் காலத்திலேயே படித்ததுதான். தெரிவது வேறு, ஒவ்வொரு வளைவிலும் கை தானாக அதைச் செய்வது வேறு.

இன்னொன்று, ஓட்டுகிறவனுக்கு மூணாறு கிடையாது. ஆனையிறங்கல் அணையை ஒட்டித் தேயிலைச் சரிவு தெரிகிற இடத்தில் எங்கள் எட்டுப் பேரின் தலையும் ஒரே பக்க ஜன்னலில் இருந்தது. காரில் போயிருந்தால் இரண்டு பேர் எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேனில் குறை இல்லையா? இருக்கிறது. மூணாறில் சில டிரைவர்கள் மசாலாக் கடை, சாக்லேட் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு டீ குடிக்கத் தோன்றினால் அவரை எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. நம் கூட்டத்துக்குள் வெளி ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதால் முதல் சில மணி நேரம் பேச்சு கொஞ்சம் அடங்கியே இருக்கும். பாட்டு விஷயத்தில் சமரசம் தேவை, 90களின் பாட்டுக்குத் தயாராக இருங்கள். கொழுக்குமலை சூரிய உதயத்துக்கு வேன் ஏறாது. ஆனால் கார் வைத்திருந்தாலும் சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான் பிடிக்க வேண்டும், அதனால் இதில் யாருக்கும் லாப நட்டம் இல்லை.

தூக்கக் கணக்கு வேனுக்கும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. மே மாதம் முகூர்த்தக் காலம். நேற்று ராத்திரி கல்யாண வீட்டு ஆட்களை இறக்கிவிட்டு நேராக உங்களிடம் வருகிற டிரைவரை நம்பி ஏறினால், நான் மேலே எழுதியதற்கெல்லாம் பொருளே இல்லை. வண்டி பேசும்போதே "முந்தின நாள் வண்டிக்கு வேற ஓட்டம் இருக்கா?" என்று கேளுங்கள். நாங்கள் இரவுப் புறப்பாட்டை விட்டுவிட்டு, எல்லோரும் தூங்கி எழுந்து மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அதில் காசும் மிச்சம். பல இடங்களில் நாள் கணக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு நாள் வாடகையும் பேட்டாவும் விழும். கிலோமீட்டர் நம் வாசலிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்பதையும், கேரளப் பர்மிட் யார் கணக்கு என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டம் சிறியதானால் என் கணக்கு செல்லாது. நாலு பேருக்கு வேன் வீண்செலவு. மலை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்து, தூங்கி எழுந்து பகலில் கிளம்புவதானால் ஒரு செல்ஃப் டிரைவ் கார் போதும். இரண்டு பேர் மட்டும், நல்ல நிலையில் ஒரு பைக், மழை இல்லாத மாதம் என்றால் பைக்கிலேயே போங்கள். ஆறு ஏழு பேர்தான் குழப்பமான எண்ணிக்கை. ஏழு சீட் காரில் டிரைவர் போக ஆறு பேர் ஏறலாம், ஆனால் கடைசி வரிசையை நிமிர்த்திவிட்டால் பை வைக்க இடம் இருக்காது, மேலே கேரியர் உள்ள வண்டியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணிக்கையில் நாங்கள் போனதில்லை. போனால் அப்படித்தான் தேடுவேன்.