இந்தப் பருவமா, அடுத்த பருவமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், வளாகத்துக்குள் நுழைந்துவிட்டதாலேயே தகவல் தொடர்பியலை முதன்மைப் பாடமாகப் படித்துவிட முடியாது. இடங்கள் குறைவு, உள்ளே இருக்கும் மாணவரும் தனியாக விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். உடனே விண்ணப்பிப்பதா, ஒரு பருவம் பொறுப்பதா?

மதிப்பெண்ணை உயர்த்தத்தான் பலர் காத்திருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 60 கிரெடிட்டுக்கு (படித்த பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) நான்குக்குச் சராசரி 3.0 வைத்திருப்பவர், அடுத்த 15 கிரெடிட்டிலும் முழு 4.0 வாங்கினால்கூட 3.2-க்குத்தான் வருவார். அவ்வளவு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் முன்தேவைப் பாடத்தில், அதாவது விண்ணப்பிக்கும் முன் முடித்திருக்க வேண்டிய பாடத்தில், சறுக்கியவருக்குக் காத்திருப்பது வேறு விதத்தில் உதவும். கூடுதலாக எடுக்கும் ஒரு தொடர்பியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்தால், தேர்வுக் குழு அந்த ஏற்றத்தைக் கவனிக்க வாய்ப்புண்டு.

உடனே விண்ணப்பிப்பவருக்குக் காலம் மிச்சம். மறுக்கப்பட்டால் மீண்டும் விண்ணப்பிக்கலாமா, எத்தனை முறை என்பதைத் துறை ஆலோசகரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். தடையில்லை என்றால் நான் இந்தப் பருவமே விண்ணப்பிப்பேன். சுயவிவரக் கட்டுரை அரைகுறையாக இருந்தால் மட்டும் பொறுப்பேன். “பேசப் பிடிக்கும்” என்று தொடங்கும் கட்டுரையை அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பதே மேல்.