பாலக்கோட்டுப் பல்லும் ஒரு மணி நேர வெளுப்பும்: மூன்று வருடத்துக்குப் பிறகு

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் வாயைத் திறந்து சிரித்தால் போதும், தர்மபுரி என்று சொல்லிவிடுவார்கள். பாலக்கோடு பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எங்கள் பக்கம் தாண்டின கிணறுகள்தான் நிறைய. பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள் எனாமல் என்கிற பல்லின் மேல் ஓடு உருவாகும்போதே ஃப்ளோரைடு வேலையைக் காட்டிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தபோது எனக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டு, இரண்டு பல்லில் நடுவே பழுப்புப் பட்டை. கல்யாண ஆல்பம் முழுக்க உதட்டை மூடியே நிற்கிறேன்.

மூன்று வருடம் முன்பு சேலத்தில் ஒரு கிளினிக்கில் வெளுப்பு செய்துகொண்டேன். போன அன்றே செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன், செய்யவில்லை. முதலில் பல்லில் படிந்த காரையை எடுக்கிற ஸ்கேலிங். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது, அதையும் அடைத்தார்கள். ஓட்டை இருந்தால் மருந்து உள்ளே இறங்கி உயிரை வாங்கிவிடுமாம். கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். ஆம் என்றால் தள்ளிப்போடுவார்கள். அப்புறம் பொய்ப்பல் வரிசை மாதிரி ஒரு ஷேடு கார்டை என் பல் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, ஏ3.5 என்று எழுதினார் டாக்டர். மொத்தம் 16 ஷேடு, ஏ வரிசையில் எண் குறையக் குறைய வெள்ளை. என்னுடையது மஞ்சள் பக்கம் நன்றாகவே தள்ளியிருந்தது.

செய்த நாளில் வாயை ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஈறு ஓரம் முழுக்க நீலப் பசை தடவி, விளக்கொளியில் அதைக் கெட்டியாக்கினார்கள். மருந்து ஈறில் படாமல் இருக்க அந்த வரப்பு. பிறகு 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல். 15 நிமிடம் வைத்து, துடைத்து, மறுபடி புதிதாக. மொத்தம் மூன்று முறை. அது எனாமல் வழியாக உள்ளே இறங்கி நிறம் தருகிற பொருளை உடைக்கிறது, பல்லைச் சுரண்டுவதில்லை. வலி இல்லை, ஆனால் எச்சில் விழுங்க முடியாத அந்த அவஸ்தை இருக்கிறதே! இரண்டாவது சுற்றில் மேல் ஈறில் ஓரிடம் எரிந்தது. வரப்பு கொஞ்சம் விட்டிருந்தது. அந்த இடம் வெந்த இட்லி மாதிரி வெளுத்துப்போனது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவினார், மறுநாள் சரியாகிவிட்டது. எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையைத் தூக்கிவிடுங்கள்.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார்கள். பல் வெளுத்திருந்தது உண்மை. ஆனால் திட்டுகள்! முன்பு பார்த்தால் தெரிகிற மாதிரி இருந்தவை இப்போது பேருந்து நிலையத்திலிருந்தே தெரியும்போல் பளிச்சென்று நின்றன. வெளியே காத்திருந்த என் கணவர் பார்த்துவிட்டு, "முன்ன இருந்ததவிட ஜாஸ்தியா தெரியுதே" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

பிறகுதான் புரிந்தது. ஒரு மணி நேரம் வாய் திறந்தே இருந்தால் பல் காய்ந்துபோகும். காய்ந்த பல் உண்மையைவிட வெள்ளையாகத் தெரியும். ஃப்ளோரைடு திட்டுள்ள இடத்தில் எனாமலுக்குள் நுண்துளை அதிகம், அதனால் அது காய்ந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். எச்சில் ஊற ஊறச் சில நாளில் அடங்கிவிட்டது. இதை முன்பே ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு அந்த அழுகை மிச்சம். அன்று கிளினிக்கில் ஏ1 என்று காட்டினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஏ2. அந்த இரண்டாவதுதான் உங்கள் நிறம்.

அன்று ராத்திரி ஒரு பல்லில் திடீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் சுளீர் என்றது. நாலு விநாடி, அப்புறம் ஒன்றுமில்லை, பிறகு வேறு பல்லில். இரண்டு நாளில் நின்றது. பல் கூச்சத்துக்கான பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டை இரண்டு வாரம் முன்பே தொடங்கியிருக்கலாம். 48 மணி நேரம் வெள்ளைச் சாப்பாடு: தயிர் சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி. சாம்பார், ரசம், காபி எதுவும் கிடையாது. நம் சமையலில் மஞ்சள்தூள் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று அந்த இரண்டு நாளில்தான் தெரிந்துகொண்டேன்.

பழுப்புப் பட்டை வைக்கோல் நிறத்துக்கு இறங்கியது. வெள்ளைத் திட்டு வெளுப்பில் போகாது. சுற்றியுள்ள பல்லும் வெளுப்பதால் முன்போல் உறுத்துவதில்லை, அவ்வளவுதான். அதனால் ஒரு மாதம் கழித்து இரண்டு முன்பல்லில் மட்டும் அமிலம் கலந்த பசையால் மேல்பரப்பை மெல்லியதாகத் தேய்த்து எடுத்தார்கள். எனக்கு உண்மையான வித்தியாசம் அதில்தான் தெரிந்தது. அப்போது வெளுப்புக்கு 8,000 ரூபாய், இதற்கு 3,000 ஆனது. கேப் போட்ட பல்லும் பழைய அடைப்பும் வெளுக்காது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் நாத்தனாருக்கு ஒரு கேப் மட்டும் இப்போது தனியாக மஞ்சளாக நிற்கிறது.

ஒன்றரை வருடத்தில் காபி மெல்ல வேலையைத் தொடங்கியது. மறுபடி நாற்காலியில் படுக்காமல், பல் அச்செடுத்து, பல் வரிசையில் மாட்டிக்கொள்கிற ட்ரே செய்துகொண்டேன். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், அதாவது ஏறக்குறைய மூன்றரை சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். ராத்திரி போட்டுக்கொண்டு தூங்க வேண்டியது. வருடத்துக்கு ஐந்தாறு ராத்திரி போதுமாக இருக்கிறது. கூச்சம் பெயருக்குத்தான். என்னைக் கேட்டால், அவசரக் கல்யாணம் ஏதும் இல்லாதவர்கள் நேரே இதற்கே போகலாம். பல இடத்தில் 'லேசர்' என்று சொல்லிக் காட்டுவது சாதாரண நீல விளக்குதான். அதனால் வெளுப்பு கூடுதல் நாள் நிற்பதில்லை என்று டாக்டரே ஒப்புக்கொண்டார்.

ஜெல் ஊசிக்குழாயில் வரும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மாவு டப்பாவுக்குப் பின்னால் அதைப் பார்த்துவிட்டு, எனக்குச் சர்க்கரை வந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறேன் என்று என் மாமியார் பாலக்கோடு முழுக்கச் சொல்லிவிட்டார். பேசாமல் ட்ரேயை மாட்டிக் காட்டினேன். "இதுக்குப் பேசாம சர்க்கரையே வந்திருக்கலாம்" என்றார்.