ஓதும் பள்ளியும் குர்ஆன் செயலியும்

குர்ஆன் ஓதக் கற்றுத்தருவதில் ஊர் ஓதும் பள்ளி மேலா, கைப்பேசிச் செயலி மேலா? முதலில் உச்சரிப்பு. ‘ரமலான்’, ‘ரமழான்’, ‘ரமளான்’ என்று நாம் மூன்று விதமாக எழுதும் சொல்லில் ஒளிந்திருக்கும் அரபு எழுத்துக்கு, நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களின் பக்கம் படவேண்டும். ஓதும் பள்ளியில் பிள்ளை நுனிநாவால் ஒப்பேற்றினால், உஸ்தாத் (ஆசிரியர்) உடனே நிறுத்தி, தம் வாயைத் திறந்து காட்டி மறுபடி ஓதச் சொல்வார். செயலியில் ஒரே வசனத்தைப் பல காரிகளின் (முறைப்படி ஓதுபவர்களின்) குரலில் நூறு முறை கேட்கலாம். ஆனால் கேட்பவரின் நாக்கு எங்கே நிற்கிறதென்று அது பார்ப்பதில்லை.

பொருளறிவில் நிலைமை தலைகீழ். பல பிள்ளைகள் பொருள் தெரியாமலேயே குர்ஆனின் முப்பது ஜுஸ்உகளையும் (பாகங்களையும்) ஓதி முடிக்கிறார்கள் என்பது பள்ளிகளின் பழைய குறை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆன் அரபுச் சொற்றொகுதி (Quranic Arabic Corpus) போன்ற இணைய வசதிகளோ ஒவ்வொரு சொல்லின் வேரையும் இலக்கணத்தையும் நொடியில் விரித்துக் காட்டுகின்றன. இதில் செயலிக்கே என் வாக்கு.

உச்சரிப்பும் பொருளும் போக, மூன்றாவது எழுத்தறிவு ஒன்றும் உண்டு: அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ட, ண, ழ முதலிய ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டித் தமிழை எழுதிய அம்முறை காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் வழங்கியது. பாட்டியின் அரபுத்தமிழ்க் கிதாபை (நூலை) பேரன் படிக்க முடியாதிருப்பதற்கு, நான் பயன்படுத்திய செயலிகளிலும் விடையில்லை, இன்றைய பெரும்பாலான ஓதும் பள்ளிகளிலும் இல்லை.